முடிவுரைக்குப் பிறகு தரவு

ஏரிக்கரைக் குடியிருப்பு காலியானதைப் பற்றித் தமயந்தி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். "முடிவுரைய முதல்ல போட்டுரும்மா. தரவெல்லாம் அதுக்குத் தகுந்தாப்ல வந்து உக்காந்துக்கும்" என்றார் நெறியாளர். அவளும் சட்டகம் போட்டாள். முன்னுரை, சிக்கல், தரவு, கடைசியில் 'இன்று அங்கே ஒருவரும் இல்லை' என்ற முடிவு. கருத்தரங்க மலரில் அதன் சுருக்கம் அச்சாகியும்விட்டது.

தரவு சேகரிக்க இன்றுதான் போனாள். இடிந்த வீடுகளுக்கு நடுவே ஒரு கொடியில் ஈரச்சேலை காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் சொம்போடு வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கியேம்மா, மொதல்ல தண்ணியக் குடி."

தமயந்தி சொம்பை வாங்கிக்கொண்டாள். குடிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"நீங்க எப்பக்கா காலி பண்ணுவீங்க?"