ரிஜெக்ட் தட்டு

சிவசெல்வியின் வலக்கை விரல்நுனிகள் ஓசூர்த் தொழிற்சாலையில் பொருத்திவிட்டவை. பேரிங் வளையத்தைத் தொட்டதும் அவை அதன் வழவழப்பை அளந்துவிடும். சொரசொரப்பு அளவைத் தாண்டியிருந்தால், அவளைக் கேட்காமலே கை அதை இடப்பக்கத்து ரிஜெக்ட் தட்டில் தள்ளிவிடும். கல்யாணத்துக்கு முன் அந்த விரல்களின் இயக்கத்தை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். மனிதக் கையை அது என்ன செய்துவிடப் போகிறது என்று அவள்தான் விட்டுவிட்டாள்.

தாலி ஏறியது. தாய்மாமன் இருவர் கையையும் சேர்த்துவைத்தார். அவள் விரல்கள் மாப்பிள்ளை வேடியப்பனின் உள்ளங்கையை ஒருமுறை தடவிப் பார்த்தன. பிறகு அதை இடப்பக்கமாகத் தள்ளிவிட்டன.

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாருடி!" என்றாள் நாத்தனார். மண்டபமே சிரித்தது.

வேடியப்பன் சிரிக்கவில்லை. அவனும் அதே தொழிற்சாலையில்தான், இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் வேலை செய்கிறான்.

"மொத நாளே ரிஜெக்டா?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"நான் தள்ளலைங்க." அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவன் உள்ளங்கையைப் பட்டுவேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டினான். வருஷக்கணக்காக வார்ப்பு மணல் அள்ளிய கை. துடைத்தால் மாறிவிடாது.

சிவசெல்வி தலையைக் குனிந்தபடியே விரல்களை இறுக மடக்கிக்கொண்டு, மணிக்கட்டை அவன் கையில் வைத்தாள்.