அக்கா வீட்டு அடுப்புக்காக

"சாப்பாடு எங்கேயும் ஓடிடாது. நாளைக்கு நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போடப் போறே? அதைச் சொல்லு முதல்ல."

தம்பி முன்னால் வெறும் தட்டை வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றாள் அக்கா.

தம்பி எம்.பி. வாசலில் காரும் காவலும் காத்துக் கிடக்கின்றன. அந்தப் பவுசெல்லாம் அக்காவிடம் செல்லுமா?

"கட்சி என்ன சொல்லுதோ அதான்க்கா."

"உனக்கு மூக்குச் சிந்தி விட்டது கட்சியா, நானா? எவனோ எவனோடயோ போடற சண்டைக்கு நீங்க பீரங்கிக் குண்டு ஓசியில குடுக்கப் போறீங்க. அதுக்குக் காசு எங்கேர்ந்து வருது? அங்கே அடிபட்டுக் கிடக்கிற சனங்களுக்கு அனுப்பற மருந்துலயும் பால் பவுடர்லயும் வெட்டினதுதானே?"

"முழுசா வெட்டலேக்கா. மருந்தும் கொஞ்சம் போகுது."

"ஆமா, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீங்க. இப்போ ஆட்டுறதைக்கூடக் குறைச்சுட்டீங்க."

அக்கா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். துவண்டு போய் வரும் குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து அழும். அந்த அழுகைச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி. சண்டை நடக்கும் ஊரில் குளுக்கோஸே இல்லாத வார்டை நேற்று டிவியில் காட்டினார்கள். அப்போது பிடித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"சாப்பிட வந்தவன்கிட்டப் போய்... விடும்மா" என்றார் அவள் கணவர், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"இதுக்கு மட்டும் வாயைத் திறந்துடுங்க. நான் ஒருத்தி கத்திக்கிட்டே இருக்கேன், ஒத்தாசையா ஒரு வார்த்தை வருதா பாரு."

அந்த மனுஷனுக்கு வாய் இருப்பதே சாப்பிடத்தான் என்பது அவள் முடிவு. அவரும் மறுத்துப் பேசியதில்லை. இப்போதும் சோற்றைத்தான் பிசைந்தார்.

"நாளைக்கு எதிர்த்துப் போடு. குண்டுக்குக் குடுக்காதே, மருந்துக்குக் குடுன்னு சபையில எழுந்து சொல்லு. இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்காதே."

தம்பிக்கும் கோபம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளினான்.

"சரி, உடைச்சே சொல்றேன். நாளைக்கு என்னை மாதிரி நாலு பேர் எதிர்த்துப் போட்டா குண்டு ஆர்டர் நின்னுடும். ஆர்டர் நின்னா எந்தத் தொழிற்சாலையை மூடுவாங்க? மாமா வேலை பாக்கிற தொழிற்சாலையைத்தான். அங்கே மாமா லேத்துல கடையறது என்ன, டம்ளரா? அந்தக் குண்டுதானே? அது நின்னா உன் வீட்டு அடுப்புலதான்க்கா முதல்ல பூனை தூங்கும். உனக்காகத்தான் நான் ஆதரிச்சுப் போடறேன். போதுமா?"

அக்கா திரும்பி கணவரைப் பார்த்தாள். பெரியவளுக்குக் காலேஜ் இன்னும் முடியவில்லை. சின்னவன் பத்தாவது. அவள் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"என் பேரைச் சொல்லியாடா செய்யறே?" கரண்டியை ஓங்கினாள் அக்கா. "என் அடுப்பு எரியணும்னு அங்கே பிள்ளைங்க சாகணுமா?"

"வேற வழி இருந்தா நீயே சொல்லேன்."

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

தம்பி நிம்மதியாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இப்பவாவது சாப்பாடு போடறியா?"

கணவர் எழுந்து கை கழுவினார். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, மச்சினன் தட்டில் தானே பரிமாறினார்.

"நல்லா சாப்பிடு மாப்ளே. சாப்பிட்டுட்டு, நாளைக்குப் போடப் போற ஓட்டுக்கு வேற சாக்கு ஏதாவது தேடிக்கோ. அந்த லேத்துல நிக்க எனக்கு மனசு வரல, வெள்ளிக்கிழமையே வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."