ஏரிக்கரைக் கல்லூரி

"இதுவும் வேண்டாமா? லேபை எட்டிக்கூடப் பாக்கலையேம்மா நீ!"

அப்பா அலுத்துக்கொண்டே காரைக் கிளப்பினார். மகள் பின்சீட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் வரை புழுதி. தலையில் ஒரு காய்ந்த இலை.

அப்பாவுக்கு மருந்துக்கடை. கடையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மகளுக்குக் கல்லூரி பார்க்கக் கிளம்பியிருந்தார். அவள் பாடப் புத்தகத்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் மதிப்பெண் மட்டும் எப்படியோ அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். எந்தக் கல்லூரியும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். அவளுக்குத்தான் எதிலும் ஒட்டுதல் இல்லை. ஆற்றில் இறங்கினால் கரையேற மாட்டாள். மரத்தைக் கண்டால் கால் தரையில் நிற்காது.

"உள்ள ஒரு டீச்சர் மெனக்கெட்டு லைப்ரரியைக் காட்டிட்டு இருக்காங்க. நீ என்னடான்னா கட்டடத்தைச் சுத்தி வர்ற. ஊர் மேய வந்த மாதிரி!"

"நாலு எடம் பாத்தாத்தானேப்பா தெரியும்."

"காட்டுப்பூச்சியைப் புடிச்சு டப்பாவுல அடைக்கப் பாத்தா அது என்னப்பா பண்ணும்?" என்று அண்ணன் சிரித்தான். அவன் பள்ளியை முடித்ததிலிருந்து வீட்டில் இருந்தபடியே தபால் வழியில் வரலாறு படிக்கிறவன். பயணம் என்றால் அவனுக்கு உயிர். அதனால் கூட வந்திருந்தான். மடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம்.

"ஏய், கிளாஸ் ரூம் எப்படி இருந்துச்சு?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டான். "கடைசி பெஞ்சுல பேசினா வாத்தியாருக்குக் கேக்குமா?"

"கேக்கும். சின்ன ரூம்தான். ஜன்னல் மட்டும் பெருசு."

அடுத்த கல்லூரி மலையில் இருந்தது. வண்டி ஏற ஏறப் பனி இறங்கி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வளைவு திரும்பியதும் கீழே ஓர் ஏரி, யாரோ பாதி கண்ட கனவைப் போல, அரைகுறையாகத் தெரிந்தது. கரையிலிருந்து கற்படிகள் மேலே மேலே ஏறி மேகத்துக்குள் போயின. அந்த மேகத்துக்குள்தான் எங்கோ வகுப்பறைகள் இருந்தன.

மகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். தண்ணீரில் கால் நனைத்து நின்றாள். அவளைச் சுற்றிப் பனி நகர்ந்துகொண்டே இருந்ததில், ஏரியோடு அவளும் மிதப்பதுபோல் இருந்தது. அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 'அப்பாடா, இடம் அமைஞ்சுபோச்சு' என்று நினைத்துக்கொண்டார்.

அவள் படியேறி மேலே போனாள். கீழே இறங்கி வரும்போது முகத்தில் அந்த ஒளி இல்லை.

"என்னம்மா, பிடிச்சிருக்குதானே?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. ஆனா இது சரிப்படாது. இன்னொண்ணு பாத்துடலாம்."

"பிடிச்சிருக்கு, ஆனா சரிப்படாது! உங்கம்மா புடவை எடுக்கிற மாதிரியே பேசு."

அவள் சிரித்தாள். வண்டி இறங்கத் தொடங்கியதும் ஏரி மறையும் வரை பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது கல்லூரி பொட்டல்வெளியில் இருந்தது. ஒட்டடைக் கம்பால் தொட்டுவிடலாம் போன்ற தாழ்ந்த கட்டடங்கள், தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தன. பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லை. அப்பா ஒரு வகுப்பறை ஜன்னலை ஒட்டி வண்டியை நிறுத்தினார். இங்கே இறங்குவதே வீண் என்று அவருக்குப் பட்டது. மகளோ ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டாள்.

ஜன்னல் வழியாக ஒரு பேராசிரியரின் குரல் மிதந்து வந்தது. ஏதோ ஒரு பழைய துறைமுகத்தைப் பற்றி, அங்கே வந்து நின்ற கப்பல்களைப் பற்றி. அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்களையும் மூடிக்கொண்டான். அவன் உதடுகள் அசைந்தன. தூக்கத்தில் ஏதோ கனவு காண்கிறான் என்று நினைத்து, அப்பா சத்தம் போடாமல் இறங்கி வெளியே நின்றார்.

மகள் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வந்தாள். ஒவ்வொரு வகுப்பு, நூலகம், கழிப்பறை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இதுதாம்ப்பா! இங்கயே சேத்துடுங்க!"

"விளையாடுறியா?" அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மரம் உண்டா, ஒரு சொட்டுத் தண்ணி உண்டா? அந்த ஏரியை வேண்டாம்னுட்டு இந்த வெட்டவெளியிலயா மூணு வருஷம் இருப்ப? ஒரு வாரத்துல உனக்கு மூச்சு முட்டிடும்மா."

"முட்டும்ப்பா. அதனால நான் ஏரிக்கரைக்குத்தான் போவேன்."

"அப்போ இங்க?"

அவள் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். அப்பாவே தினமும் தூக்கி வைத்து இறக்கி, கண்ணுக்குப் பழகியே போயிருந்த அந்தச் சக்கர நாற்காலியை வெளியே எடுத்து, விரித்து, அண்ணன் பக்கத்துக் கதவோடு சேர்த்து நிறுத்தினாள்.

"எந்திரிண்ணா, தூங்கினது போதும். வாசல்லேர்ந்து அந்தக் கடைசி வகுப்பு வரைக்கும் ஒரு படிகூடக் கிடையாது. உன் காலேஜை நீயே உருட்டிட்டுப் போய்ப் பாரு!"