கை கால் தெரியணும்

போனைக் கொடுப்பதா வேண்டாமா என்று நர்ஸுக்குத் தெரியவில்லை.

எதிரே மாரீஸ்வரி நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஊரே பாத்துருச்சு சிஸ்டர். நான் மட்டுந்தான் பாக்கல."

உண்மைதான். வலிப்பு வந்தவளுக்கு வலிப்பு தெரியாது. விழுந்தது தெரியாது. சேலை விலகியதும் தெரியாது. எழுந்த பிறகு, சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வலிப்பு நோய்ப் பிரிவில் டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். மிச்சமெல்லாம் அவள் பாடு. மாத்திரையை எப்போது போடுவது, அடுப்பைத் தொடலாமா, தண்ணீருக்குப் போகலாமா, பிள்ளை பெறலாமா, எல்லாவற்றுக்கும் நர்ஸான அவள்தான் பதில் சொல்ல வேண்டும். வலிப்பு டாக்டர் முன்னால் வந்து நிற்காது என்பதால், வரும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதும் அவள்தான்.

மாரீஸ்வரியின் புருஷன் காளிராஜ் சொன்ன பேச்சைத் தட்டாதவன். எடுத்து அனுப்பினான்.

கை நடுங்காமல் எடுத்திருந்தான்.

அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையை மாற்றினார். வலிப்பு அடியோடு நின்றது.

நின்ற பிறகு காளிராஜ் அதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இப்படி ஒருத்தியை மறைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கீழே ஒரு வரி. மாரீஸ்வரியை அவளுடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். மகளை மட்டும் அனுப்பவில்லை. அம்மாவைக் கண்டாலே பிள்ளை பயப்படுகிறதாம்.

மனிதனா அவன்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். பிள்ளை யாரிடம் என்பதுதான் பேச்சு. வலிப்பு நின்றுவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று சிஸ்டர் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் மாரீஸ்வரி வந்திருந்தாள். நர்ஸும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் மாரீஸ்வரி வீடியோவைக் கேட்டாள்.

"குரூப்ல கொஞ்ச நேரந்தான் ஓடுதாம். சத்தமும் இல்லையாம். பாத்ததுல இருந்து மதினி என் தட்டத் தனியா வச்சுட்டா. அப்படி என்னதான் பண்ணுறேன்னு நானும் பாத்துக்கிறேன், குடுங்க."

நர்ஸ் போனைக் கொடுத்தாள்.

தரையில் ஒருத்தி கிடந்தாள். வாய் கோணியிருந்தது. நுரை கன்னத்தில் வழிந்தது. சேலை தொடைக்கு மேலே ஏறியிருந்தது. மாராப்பு எங்கோ கிடந்தது.

மாரீஸ்வரி முகத்தைத் திருப்பவில்லை. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பிறகு சத்தத்தைக் கூட்டினாள்.

இந்த வீடியோவை நர்ஸும் பலமுறை பார்த்திருக்கிறாள். சத்தத்தோடு பார்த்ததில்லை. நெரிசலுக்கு நடுவில் சத்தம் யாருக்கு வேண்டும்? டாக்டர் கை வெட்டி வெட்டி இழுப்பதைக் கவனித்தார். கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவள் கவனித்தாள். பாதியில் ஒரு பெண் குழந்தை குறுக்கே வந்து மறைத்தது. டாக்டர் ப்ச் என்றார். அவளுக்கும் எரிச்சல்தான் வந்தது.

இப்போதும் அந்தக் குழந்தை வந்தது. கையில் ஒரு துண்டு. அம்மாவின் காலை மூடியது.

காளிராஜின் கை வந்து துண்டை உருவியது.

"மூடக் கூடாது பாப்பா. கை காலு தெரியணும்னு சிஸ்டர் சொல்லிருக்காக."

குழந்தை துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி வந்தது. கை மறுபடி உருவியது. குழந்தை அழவில்லை. துண்டு இல்லாமலே வந்து, உதறிக்கொண்டிருந்த அம்மாவின் மேல் படுத்துக்கொண்டது.

வீடியோ அதோடு முடிந்தது.

காளிராஜ் குழுவில் போட்டது குழந்தை வருவதற்கு முன்பு வரைக்கும்தான்.

நர்ஸ் அப்படித்தான் சொல்லியிருந்தாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாள். போர்வை போடாதீர்கள், உடம்பு அசைவது முழுதாகத் தெரிய வேண்டும் என்று. துணி விலகினால் என்ன செய்வது என்று யாருக்கும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எம்புள்ள பயப்படலையே சிஸ்டர்" என்றாள் மாரீஸ்வரி. "பாத்தீகளா? பயப்படவே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை அதையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றாள் நர்ஸ்.

"நீங்க வர வேணாம். சிஸ்டர் சொன்னதத்தான் செஞ்சேன்னு எம்புருஷன் உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. என்ன சொல்லுவீக?"

மாரீஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத எனக்கு அனுப்பி விடுங்க. முழுசா, சத்தத்தோட. ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்."

அந்தக் கூட்டத்தில் மாமனார் இருப்பார். கொழுந்தன் இருப்பான். அண்ணன் இருப்பான். பங்காளிகள் அத்தனை பேரும் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நர்ஸுக்கு வாய் வரவில்லை. தானே அனுப்பச் சொல்லி வாங்கியதைத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அனுப்பினாள்.

மாரீஸ்வரி தன் போனில் அது வந்து சேரும் வரை காத்திருந்தாள். வந்ததும் கடைசிப் பகுதிக்கு ஓட்டி அதை மட்டும் பார்த்தாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவளுக்குத் திருப்தி இல்லை.

"இதுல பிள்ள மொகம் சின்னதாத் தெரியுது. அண்ணன் வீட்டு டிவியில இத எப்படிப் போடுறதுன்னு சொல்லித் தாங்க சிஸ்டர்."