கயிறு கட்டிய ஸ்பேனர்

“ஸ்பேனர் இருக்கு. நட்டு எத்தனாம் நம்பர்?” என்றாள் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி.

முத்துமீனா விழித்தாள். “ஏதோ ஒண்ணு குடுங்கக்கா. நேத்து அடிச்ச காத்துல மாடியில டிஷ் திரும்பிக்கிச்சு. அவரு சமாளிச்சுக்கிருவாரு.”

“ஏதோ ஒண்ணை மாட்டினா வழுக்கிக்கிட்டுத்தான் வரும். கேட்டுட்டு வா.”

சீரியல் ஆரம்பிக்கும் நேரம். ஓர் இரவலுக்கு இம்புட்டுக் கேள்வியா? பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் புருஷனிடம் கேட்டு வந்தாள். “பதிமூணாம்.”

“ராம்கி தம்பி மேல ஏறினா, நீ எங்க நிப்ப?”

“கீழ வாசல்லதான். ஜன்னல் வழியா டிவியைப் பாத்துச் சொல்லணும்ல?”

கனகலட்சுமி உடனே ஒரு நைலான் கயிற்றை ஸ்பேனரின் வளையத்தில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள். மறுமுனையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு கண்ணி.

“இதைக் கையில மாட்டிக்கச் சொல்லு. தன் பக்கமா இழுத்து இறுக்கணும், தள்ளக் கூடாது. கயித்தோடதான் திரும்பி வரணும், ஆமா.”

முத்துமீனாவுக்குச் சுரீரென்றது. வீட்டு வாசலில் நின்ற புருஷன் ராம்கியிடம் வந்து பொரிந்தாள்.

“பேங்க்ல பேனாவைக் கட்டிப் போட்ட மாதிரில்ல குடுக்குது! நாம என்ன தூக்கிட்டா ஓடப்போறோம்? தல்லாகுளத்துல நம்மளை எவனும் ஒரு சொல்லு சொன்னதில்ல!” வீட்டுக்குள் போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். “அறுத்துப்புட்டுத்தான் திருப்பிக் குடுப்பேன். அப்பத்தான் அந்தம்மாவுக்கு உறைக்கும்.”

“அது வாயில யாரு விழுறது? வேலை முடியட்டும், அப்புறம் அறு.” ராம்கி கண்ணியைக் கையில் மாட்டிக்கொண்டு மாடி ஏறினான்.

முத்துமீனா வாசலில் அண்ணாந்து நின்றாள்.

“வந்துருச்சா?”

“கட்டம் கட்டமாத் தெரியுது. இன்னுங் கொஞ்சம்... ஆங், வந்துருச்சு! அப்படியே இறுக்குங்க!”

கைப்பிடிச் சுவரில் எக்கி, முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினான் ராம்கி. தள்ளக் கூடாது என்பதைத்தான் கோபத்தில் அவனிடம் யாரும் சொல்லவில்லையே! வியர்த்த கை வழுக்கியது.

“ஐயோ, மீனா!”

அவள் முகத்துக்கு நேரே இறங்கிய இரும்பு, வெடுக்கென்று பாதியில் நின்றது. ராம்கியின் மணிக்கட்டிலிருந்து தொங்கி ஊசலாடியது.

ராம்கி இறங்கி வந்ததும், ஸ்பேனரை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனாள். கத்தரிக்கோல் இன்னும் கையிலேயே இருப்பதை அங்கே போய்த்தான் கவனித்தாள்.

கனகலட்சுமி முதலில் அவள் தலையைப் பார்த்தாள். அப்புறம் கத்தரிக்கோலை.

“ஸ்பேனர்... பத்திரமா இருக்குக்கா.”

“அது கெடக்கு கழுதை! கீழதான் நிப்பேன்னு நீ சொன்னதாலதான் ரெண்டு முடிச்சாப் போட்டேன்.”