சிவப்புக் காரில்தான் கல்யாணம்

“அப்ப இந்த வாரமும் கிளம்பாதா?” கார் ஷெட் வாசலில் நின்று கேட்டாள் அம்மா.

“கிளம்பும்டி. ஏதோ சின்னக் கோளாறு,” என்றார் அப்பா, பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

“போன வாரம் வயரை மாத்திச் சொருகினீங்க. அதுக்கு முந்தின வாரம் பெட்ரோல் பைப்பை மாட்டவே மறந்தீங்க. நாலு வீடியோ பாத்தா மெக்கானிக் ஆயிட முடியுமா?”

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய அன்றே, மகள் அதில்தான் கல்யாணத்துக்குப் போவாள் என்று அப்பா எல்லோரிடமும் சபதம் செய்திருந்தார். அதனால் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போயிற்று.

“பொண்ணைப் பிரிய மனசில்லாம நீங்கதான் வேணும்னே இழுத்தடிக்கிறீங்களாம். மாப்பிள்ளை வீட்டுல பேசிக்கிறாங்க.”

“சத்தியமா இல்ல! பக்கத்துல டார்ச் பிடிக்கிறாளே நம்ம பொண்ணு, இவகிட்டயே கேளு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி இருமக்கூட இல்லை. இறங்கிவந்து, எஞ்சினுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே சுழல வேண்டிய சின்ன ரோட்டர் இல்லாமல் காலியாக இருந்தது.

“காலைல நானே மாட்டின ரோட்டர்! அதுக்கென்ன கால் முளைச்சிடுச்சா?”

மகள் டார்ச்சை அணைத்தாள். மூடியிருந்த இன்னொரு கையை மெல்ல விரித்தாள். உள்ளங்கையில் ரோட்டர் இருந்தது.

“வயர், பைப் எல்லாத்தையும் நீங்க சரியாத்தான் மாட்டியிருந்தீங்கப்பா.”

அப்பா அவளையே பார்த்தார்.

“இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களாப்பா?”