இடப்பக்கம் ஒதுங்கும் விண்கலம்

தம்போய் வட்டாரத்தில் இருந்த தன் பழுதுபார்க்கும் கடையில் மதிவாணன், வாடிக்கையாளர் திமோத்தி கொண்டுவந்த ஜாய்ஸ்டிக்கை அவனுடைய மடிக்கணினியில் சொருகினான். கையை எடுத்ததும் திரையில் விளையாட்டு விண்கலம் தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கியது.

"உள்ளே தேஞ்சு போச்சா?" என்றான் திமோத்தி. "நேரா ஓட்டணும், அவ்வளவுதான்."

"தேயல பிரதர். கடைசியா செட் பண்ணது யாரு?"

"ஷர்மைன். என் வைஃப். அவதான் விளையாடுவா."

"அலமாக், அடடா! நடுவைப் பதியறப்ப ஸ்டிக்கை விட்டுடணும்லா. அவங்க விடாம, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ச்சுப் பிடிச்சே பதிஞ்சிருக்காங்க. மெஷினும் அதையே நடுன்னு நம்பிடுச்சு."

"எதையும் லேசுல விட மாட்டா."

"வீட்டுக்குப் போய் ஏசுங்க. ஒரு பட்டன் போதும், பழசு அழிஞ்சிடும்."

பட்டனை நோக்கி நீண்ட மதிவாணனின் விரலைத் திமோத்தி பிடித்துக்கொண்டான்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"அப்புறம் அவங்க எப்படி ஓட்டுவாங்க?"

"நேத்து அவளுக்கு முப்பதாம் நாள் நினைவுப் பூசை."

மதிவாணன் கையை இழுத்துக்கொண்டான்.

திமோத்தி ஸ்டிக்கைப் பிடித்து, ஷர்மைன் சாய்த்த அளவுக்கே வலப்பக்கம் சாய்த்தான். விண்கலம் நேராகப் போனது.